கோபி எண்டு நாயைக் கூப்பிடலாமா?

லேக்கர்ஸ் அணிக்காக 20 பருவங்கள் விளையாடிய பிரயன்டின் முதற்பெயரை ஒருக்காத் தமிழில எழுதிப் பாருங்கோ. கோபி. இப்ப உங்கட ஒழுங்கையில இருக்கிற கோபிநாத்தையோ கோபிகிருஷ்ணாவையோ அவற்ற அம்மா சாப்பிடக் கூப்பிடுற பெயரை எழுதிப் பாருங்கோ. அதுவும் கோபிதான். ஒரு எழுத்துக்கூட வித்தியாசம் இல்லை.

அமெரிக்காவில் நாய்க்குட்டிக்குக் கோபி என்று பெயர் வைப்பது சர்வசாதாரணம். கூடைப்பந்து பார்க்கிற வீடுகளில் ஜோர்டன், ஷக், லூக்கா, கறி எல்லாம் வாலாட்டிக்கொண்டு திரியும். இணையத்தில் என்.பி.ஏ பார்த்து வளர்கிற எங்கட பெடியளுக்கும் பெட்டையளுக்கும் இதில ஆசை வராமல் இருக்காது. ஆனால் அதே பெயரை இணுவிலிலோ வெள்ளவத்தையிலோ ஒரு வளவுக்குள்ள நின்று சத்தமாகக் கூப்பிட்டுப் பாருங்கோ. “கோபி, அங்க மூத்திரம் பெய்யாதை!” பக்கத்து வீட்டுக் கோபி அண்ணை மதிலுக்கு மேலால எட்டிப் பார்ப்பார். அதுக்குப் பிறகு நீங்கள் லேக்கர்ஸ் பற்றி எவ்வளவு விளக்கம் சொன்னாலும் எடுபடாது.

ஸ்டெபன் கறியின் கதை இன்னும் மோசம். ஆங்கிலத்தில் சாப்பாட்டைக் குறிக்கிற அந்தச் சொல் எங்கட ‘கறி’யிலிருந்துதான் போனது. அவருடைய குடும்பப் பெயருக்கும் எங்கட குழம்புக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனாலும் “கறி, இங்க வா” என்று ஒரு நாயைக் கூப்பிட்டால் கேட்கிறவர்கள் என்ன நினைப்பினம் எண்டதை நான் சொல்லத் தேவையில்லை.

சிரிச்சுப்போட்டு விடக்கூடிய விசயம்தான். ஆனால் கொஞ்சம் தோண்டினால் உள்ளே வேறொரு கேள்வி இருக்கிறது. ஒரு மனிதனின் பெயரை நாய்க்கு வைப்பது மரியாதையா, அவமரியாதையா? அதை யார் தீர்மானிக்கிறது?

எங்கட ஊர் நாய்களின் பெயர்களை எடுத்துப் பாருங்கோ. ஜிம்மி, ரொமி, ரைகர், ரோசி, பிளக்கி, சீசர். பெரும்பாலும் வெள்ளைக்காரப் பெயர்கள். தமிழ்ப் பெயர் வைத்தாலும் கறுப்பன், வெள்ளையன், சூட்டி, வீரன் என்று நிறத்தையோ குணத்தையோ சொல்கிற பெயராகத்தான் இருக்கும். சிவகுமார் என்றோ சாந்தினி என்றோ யாரும் வைப்பதாகத் தெரியவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும். எங்கட மொழியில் ‘நாய்’ ஒரு வசைச்சொல். சண்டை முற்றினால் முதலில் வாயில் வருவது அதுதான். ஒருவரின் பெயரை நாய்க்கு வைத்தால் அவரை அந்தச் சொல்லால் ஏசியதாகவே எடுத்துக்கொள்வார்கள்.

இத்தனைக்கும் எங்கட முடக்குக்கு முடக்கு இருக்கிற வைரவருக்கு வாகனம் நாய்தான். மகாபாரதத்தின் கடைசியில் தருமரோடு மலையேறிக் கடைசிவரை கூட நின்றதும் ஒரு நாய். மாணிக்கவாசகர் இறைவனுக்கு முன்னால் தன்னையே நாய் என்று சொல்லிக்கொள்கிறார். அது பணிவில் சொன்ன சொல். அந்தப் பணிவு விளங்க வேண்டுமென்றால், நாய் என்பது மிகத் தாழ்ந்தது என்று கேட்பவரும் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். ஆக, நாயைக் கும்பிடுகிற இடத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம், ஆனால் ஏசுகிறதுக்கும் அதையேதான் எடுக்கிறோம். இரண்டையும் சேர்த்தே வைத்திருக்கிற சமூகம் நாங்கள்.

அமெரிக்கக் கூடைப்பந்து உலகத்தில் இது தலைகீழ். அங்கே ஒரு ஆட்டக்காரருக்குள்ளே ‘நாய் இருக்கு’ என்று சொன்னால் அது பெரிய பாராட்டு. விட்டுக்கொடுக்காமல் மல்லுக்கட்டுகிறவர், தோற்கிற நேரத்திலும் பந்துக்குப் பாய்கிறவர் என்று அர்த்தம்.  கோபி பிரயன்ட் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பட்டப்பெயர் ஒரு நச்சுப் பாம்பினுடையது: கறுப்பு மாம்பா. அணிகளின் பெயர்களைப் பாருங்கள்: காளைகள், ஓநாய்கள், பருந்துகள், கரடிகள். 1997இல் வந்த ‘எயார் பட்’ படத்தில் ஒரு கோல்டன் ரிட்ரீவர் நாயே பாடசாலை அணிக்காகக் கூடைப்பந்து விளையாடுகிறது. அப்படியொரு உலகத்தில் நாய்க்கு நாயகனின் பெயர் வைப்பது இழிவாகப் படாமல் இருப்பது இயல்பு.

அத்தோடு பெயர்கள் எப்போதும் ஓரிடத்தில் நிற்பதில்லை. கோபி பிரயன்டின் பெற்றோர் அந்தப் பெயரை எங்கிருந்து எடுத்தார்கள் தெரியுமா? ஒரு உணவக மெனுவிலிருந்து. ஜப்பானின் கோபே நகரம் மாட்டிறைச்சிக்குப் பேர்போனது. அந்த இறைச்சியின் பெயர் 1978இல் பிலடெல்பியாவில் பிறந்த ஒரு பிள்ளைக்கு வந்தது. அந்தப் பிள்ளை ஐந்து முறை சம்பியன் ஆனார். அவருடைய பெயர் ஆயிரமாயிரம் நாய்க்குட்டிகளுக்குப் போனது. நகரம், மாடு, மனிதன், நாய். இந்த வரிசையில் எந்த இடத்தில் மரியாதை தொடங்கி எந்த இடத்தில் முடிந்தது என்று யாரால் சொல்ல முடியும்?

இவ்வளவும் ஒரு பக்கம். அன்பாகத்தானே வைக்கிறார்கள், இதில் என்ன பிரச்சினை என்று கேட்பவர்களின் பக்கம். அவர்களோடு பாதி வழிக்கு நானும் வருவேன். மீதிப் பாதியில்தான் எனக்கு இடறுகிறது.

சீசர் என்ற பெயரை எடுப்போம். எங்கட ஊரில் அது நாய்ப் பெயர். அமெரிக்காவில் அடிமை முறை இருந்த காலத்தில் அது மனிதர்களுக்கு வைக்கப்பட்ட பெயர். ஆபிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்டவர்களுக்கு அவர்களின் சொந்தப் பெயரை அழித்துவிட்டு சீசர், பொம்பே, கேட்டோ என்று எஜமானர்கள் பெயர் வைத்தார்கள். பண்டைய ரோமின் பெருந்தலைகளின் பெயர்கள். தோட்டத்தில் பருத்தி பிடுங்குகிறவனுக்குச் சக்கரவர்த்தியின் பெயரை வைத்துக் கூப்பிடுவதில் ஒரு நக்கல் இருந்தது. குதிரைக்கும் வேட்டை நாய்க்கும் அதே பெயர்கள்தான் போயின. பெயர் எவ்வளவு பெரியதென்பது அங்கே பொருட்டில்லை. பெயர் வைக்கிற உரிமை யாரிடம் இருக்கிறது என்பதுதான் விசயம்.

அந்த வரலாற்றுக்குப் பிறகு வந்த ஒருவரைப் பாருங்கள். அவர் பிறந்தபோது பெயர் லூ அல்சின்டோர். அந்தக் குடும்பப் பெயர் தன் மூதாதையரை அடிமைகளாக வைத்திருந்த வெள்ளையருடையது என்று அவரே விளக்கியிருக்கிறார். அவர் இஸ்லாத்தைத் தழுவினார். 1971இல், மில்வோக்கி அணிக்குச் சம்பியன் பட்டம் வென்று கொடுத்த கையோடு, கரீம் அப்துல் ஜப்பார் என்ற பெயருக்குப் பகிரங்கமாக மாறினார். அந்த மாற்றத்தை எல்லோரும் கைதட்டி வரவேற்கவில்லை. ஆனாலும் அந்தப் பெயரிலேயே என்.பி.ஏ வரலாற்றில் அதிக புள்ளிகள் எடுத்தவர் என்ற இடத்தைப் பிடித்து, 2023 வரைக்கும் அதை வைத்திருந்தார்.

இப்ப சொல்லுங்கோ. எஜமானன் வைத்த பெயரைத் தூக்கி எறிந்துவிட்டு ஒரு மனிதன் தனக்கென்று தேடி எடுத்த பெயர் அது. அதை எடுத்து, கழுத்துப் பட்டியில் தொங்கவிட்டு, “கரீம், இரு” என்று கட்டளை போடுவது எப்படி இருக்கும்? அதோடு எங்கட நாட்டில் கரீமும் ஹக்கீமும் எங்களோடு படித்த, எங்களுக்குப் பக்கத்துக் கடையில் இருக்கிற மனிதர்களின் பெயர்கள். கரீம் என்பது முஸ்லிம்கள் இறைவனைக் குறிக்கிற பெயர்களில் ஒன்றும்கூட. தமிழரும் முஸ்லிம்களும் தங்களுக்குள் கசந்துகொள்ள ஏற்கெனவே போதியளவு காரணங்கள் வைத்திருக்கிற நாட்டில், ஒரு நாய்ப் பெயரால் இன்னொன்றைச் சேர்க்க வேண்டாம்.

பில் ரஸல் பொஸ்டன் செல்டிக்ஸ் அணிக்கு 13 பருவங்களில் 11 சம்பியன் பட்டங்கள் வென்று கொடுத்தவர். இன்றுவரைக்கும் யாரும் அதைத் தாண்டவில்லை. அவர் ரெடிங் என்ற ஊரில் வசித்தபோது வீட்டை உடைத்துப் புகுந்து, வெற்றிக் கிண்ணங்களை நொறுக்கி, சுவரில் இனவெறிச் சொற்களை எழுதி, கட்டிலில் மலம் கழித்துவிட்டுப் போனார்கள். அரங்கில் கைதட்டுகிற ஒரு நகரம், வீட்டில் வாழ விடாத அதே நகரம். 2017இல் லெப்ரோன் ஜேம்ஸின் லொஸ் ஏஞ்சல்ஸ் வீட்டு வாசற்கதவிலும் இனவெறிச் சொல் எழுதப்பட்டது. அடுத்த வருடம் அவர் அரசியல் பேசியபோது, வாயை மூடிக்கொண்டு பந்தைத் தட்டு என்ற கருத்தில் ஃபொக்ஸ் நியூஸ் தொகுப்பாளர் ஒருவர் தொலைக்காட்சியில் சொன்னார். அந்தத் தொனியைக் கவனியுங்கள். நாய்க்குப் போடுகிற கட்டளைக்கும் அதற்கும் அதிக தூரமில்லை.

நாய்க்கு லெப்ரோன் என்று பெயர் வைக்கிற ஒவ்வொருவரும் இனவெறியர் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது மடத்தனம். எத்தனையோ கறுப்பினக் குடும்பங்களே தங்கள் நாய்களுக்கு இந்தப் பெயர்களை வைத்திருப்பார்கள். நான் கேட்பது வேறு. அந்த மனிதனின் ஆட்டத்தை மட்டும் நேசிக்கிறோமா, அவர் பேசினால் அதையும் கேட்போமா? சொன்னதைச் செய்கிற, திருப்பிக் கதைக்காத, எங்களை மட்டுமே நேசிக்கிற லெப்ரோன்தான் வேண்டுமென்றால், நாய்க்கு வைத்த பெயரில் கொஞ்சம் உண்மை வெளியில் வந்துவிடுகிறது.

பெயர் என்றால் என்ன என்று எங்கட ஆக்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. யானிஸ் அன்டெட்டோகும்போவின் பெற்றோர் நைஜீரியாவிலிருந்து கிரேக்கத்துக்குக் குடியேறியவர்கள். அவர் ஏதென்சில் பிறந்தும் 18 வயதுவரை அவருக்கு எந்த நாட்டின் குடியுரிமையும் கையில் இருக்கவில்லை. குடும்பப் பெயர் உண்மையில் அடெட்டோகுன்போ. கடல் கடந்து போன கிரீடம் திரும்பி வந்தது என்று யொரூபா மொழியில் அதற்கு அர்த்தம். கிரேக்க எழுத்துக்குப் போய், அங்கிருந்து ஆங்கில எழுத்துக்கு வந்ததில் அது இப்ப நாங்கள் வாசிக்கிற வடிவத்துக்கு மாறிவிட்டது. ஐரோப்பாவிலும் கனடாவிலும் தகப்பன் பெயர் குடும்பப் பெயராகி, எழுத்துகள் வெட்டுப்பட்டு, வகுப்பில் ரீச்சர் கூப்பிடும்போது யாருடையதோ பெயர் போல ஒலிக்கிற அனுபவம் எங்கட எத்தனையோ பிள்ளைகளுக்கு இருக்கு. யானிஸ் என்ற பெயரை ஒரு நாய்க்கு வைக்கிறவர் இந்தக் கதையைத் தெரிந்துகொண்டு வைத்தால், அந்தப் பெயர் கூப்பிடப்படுகிற ஒவ்வொரு முறையும் கதையும் கொஞ்சம் கூட வரும். தெரியாமல் வைத்தால் அது வெறும் ஜேர்சி.

பெயரோடு இனிப்பான கதைகள் மட்டும் வருவதில்லை. மறுபடி கோபி பிரயன்டிடம் வருவோம். 2020 ஜனவரி 26இல் ஹெலிகொப்டர் விபத்தில் அவரும் 13 வயது மகள் ஜியானாவும் உட்பட ஒன்பது பேர் இறந்தார்கள். அந்தத் துக்கத்தில் தங்கள் நாய்க்குட்டிக்கு அவர் பெயரை வைத்தவர்களை என்னால் விளங்கிக்கொள்ள முடியும். செத்தவர்களின் பெயரைப் பிள்ளைகளுக்கு வைக்கிற சமூகம்தான் எங்களுடையதும். ஆனால் 2003இல் கொலராடோவில் 19 வயதுப் பெண்ணொருவர் அவர்மீது பாலியல் வல்லுறவுக் குற்றச்சாட்டு முன்வைத்ததையும் அந்தப் பெயர் சுமக்கிறது. அவர் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் பெண் சாட்சி சொல்ல முன்வராத நிலையில் 2004இல் வழக்கு கைவிடப்பட்டது. சம்மதத்தோடு நடந்ததாக அந்தப் பெண் கருதவில்லை என்பது இப்போது தனக்கு விளங்குவதாக அவர் வெளியிட்ட அறிக்கை சொன்னது. பிறகு சிவில் வழக்கும் இணக்கத்தில் முடிந்தது.

செத்தவரைப் பற்றி ஏன் இதையெல்லாம் கதைக்க வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். பெயரைச் சூட்டி நினைவை வளர்க்கிறோம் என்றால், முழு நினைவையும் தாங்கத்தான் வேண்டும். ஒரு தோழி உங்கட வீட்டுக்கு வந்து, நாயின் பெயரைக் கேட்டதும் முகம் மாறினால், “அவள் சும்மா பெரிசுபடுத்துறாள்” எண்டு சொல்லாமல், ஏன் என்று கேட்கிற பக்குவம் இருக்க வேண்டும். நாயகர்களை முழுதாகத் தூக்கி எறியச் சொல்லவில்லை. பாதியை மறைத்துவிட்டுக் கொண்டாட வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

இனி நடைமுறைக்கு வருவோம். ஒரு நாய் பத்து, பன்னிரண்டு வருடம் வாழும். ஒரு ஆட்டக்காரர் ஒரு அணியில் அவ்வளவு காலம் இருப்பது அபூர்வம். 2010இல் லெப்ரோன் கிளீவ்லண்டை விட்டு மயாமிக்குப் போனபோது ரசிகர்கள் அவருடைய ஜேர்சிகளைத் தெருவில் போட்டு எரித்தார்கள். 2014இல் அவர் திரும்பி வந்து, 2016இல் அந்த நகரத்துக்குச் சம்பியன் பட்டத்தையும் வென்று கொடுத்தார். எரித்த ஜேர்சியைத் திரும்ப வாங்கலாம். 2025 பெப்ரவரியில் டலஸ் அணி லூக்கா டொன்சிச்சை ஒரே இரவில் லேக்கர்ஸுக்கு மாற்றிவிட்டபோது ரசிகர்கள் அரங்குக்கு வெளியே சவப்பெட்டி வைத்து அழுதார்கள். அந்த இரவில் டலஸில் லூக்கா என்ற பெயரோடு எத்தனை நாய்கள் கட்டிலுக்குக் கீழே படுத்திருந்திருக்கும்! அந்த நாய்களுக்கு வியாபாரம் தெரியாது, சம்பள உச்சவரம்பு தெரியாது. கூப்பிட்டால் வரும், அவ்வளவுதான். உங்கட அணி தோற்றதுக்காகவோ உங்கட நாயகன் போனதுக்காகவோ ஒரு நாயின் பெயரை மாற்ற முடியாது. ஆகவே அந்த ஆளில் உங்களுக்குப் பிடித்தது இந்தப் பருவத்தின் புள்ளிக் கணக்கா, அதற்கு மேலாக ஏதாவதா என்று முதலிலேயே யோசியுங்கள்.

ஒரு சின்னச் சோதனை வைத்துப் பார்ப்போம். தர்ஜினி சிவலிங்கத்தை எங்களுக்கு எல்லாம் தெரியும். யாழ்ப்பாண மண்ணின் பிள்ளை, 6 அடி 10 அங்குல உயரம், 2009இலும் 2018இலும் ஆசியச் சம்பியனான இலங்கை வலைப்பந்தாட்ட அணியில் கோல் போட்டவர். அவருடைய பெயரை நாங்கள் நாய்க்கு வைப்பமா? கேட்கவே ஒரு மாதிரி இருக்கு, இல்லையா? அவரை எங்களுக்குப் பிடிக்காததால் இல்லை. அவர் எங்கட ஊரில் நடந்து திரிகிற மனுசி. அவருக்குத் தாய், சகோதரம், ஊர், மானம் எல்லாம் இருக்கு எண்டு எங்களுக்குத் தெரியும். உயரத்துக்காக எவ்வளவு பகிடி கேட்டிருப்பார் என்பதையும் ஊகிக்க முடியும். ஜோர்டனை நாய்க்கு வைக்கும்போது அந்தக் கூச்சம் வராததற்குக் காரணம், அவர் எங்களுக்கு மனிதனாக வந்து சேரவே இல்லை. போஸ்டராகவும் சப்பாத்தாகவும்தான் வந்து சேர்ந்தார்.

இந்தச் சோதனைதான் என்னுடைய அளவுகோலும். எந்த ஆட்டக்காரரின் பெயரையும் வையுங்கள், ஆனால் அவர் உங்கட படலையடியில் வந்து நின்றால், அவருடைய முகத்தைப் பார்த்து “இதுக்கு உங்கட பெயர்தான்” என்று சந்தோசமாகச் சொல்ல முடிய வேண்டும். அதே பெயரோடு ஒழுங்கையில் இருக்கிற மனிதருக்கும் சொல்ல முடிய வேண்டும். முடியுமென்றால் வையுங்கள். நாக்கு இழுபட்டால் வேறு பெயர் தேடுங்கள். முழுப்பெயர் வேண்டாமென்றால் பட்டப்பெயர் இருக்கிறது. ‘மாம்பா’ என்று கூப்பிட்டால் எந்தக் கோபி அண்ணையும் கோவிக்க மாட்டார். ‘ஷக்’ என்றால் எங்கட ஊரில் ‘ஷோக்’ என்றுதான் கேட்கும், அது நல்ல சொல்தானே. நாய்க்கும் ஓரிரண்டு அசையில் இருக்கிற பெயர்தான் லேசாகப் பிடிபடும்.

இன்னொரு விசயத்தையும் சொல்ல வேண்டும். எங்கட ஊரில் யாருக்குப் பெயர் கிடைக்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா? காசு கொடுத்து வாங்கின ரொட்வைலருக்கும் ஹஸ்கிக்கும் ஜோர்டன், கோபி, புரூனோ. கடற்கரை வெயிலில் மூச்சுவாங்குகிற ஹஸ்கிக்கு இன்ஸ்டகிராமில் தனிப் பக்கமும் உண்டு. சந்தியில் படுத்திருக்கிற ஊர் நாய்க்கு ‘அடிக்’ என்பதுதான் பெயர், கல்லுதான் கூப்பிடுகிற முறை. அதே ஜோர்டன் வளர்ந்து, தோல் வருத்தம் வந்து, செலவு கூடினதும் ஒரு நாள் இரவு வாகனத்தில் ஏற்றித் தூரச் சந்தையடியில் இறக்கிவிடப்படுகிறான். விடிந்தால் அவனும் அடிக். சம்பியனின் பெயர் அவனைக் காப்பாற்றவில்லை.

நாய்க்கு நாயகனின் பெயர் வைக்கிற ஆசை உண்மையான அன்பிலிருந்து வந்தால், அது தெரிய வேண்டிய இடங்கள் வேறு. விசர்நாய்த் தடுப்பூசி ஒழுங்காகப் போட்டிருக்கிறதா, வெயிலில் சங்கிலியில் கிடக்கிறதா, வெடி கொளுத்துகிற இரவுகளில் யார் பக்கத்தில் இருக்கிறார்கள், கிழடாகிக் கண் மங்கும்போதும் அந்தப் பெயரை அதே பாசத்தோடு கூப்பிடுவீர்களா?

உங்கட சந்தியிலும் பெயரில்லாத ஒன்று படுத்திருக்கும். சோறு வைக்கிற கையைத் தெரியும், கல்லெடுக்கிற கையையும் தெரியும். ஜோர்டன் என்ற பெயர் இன்னும் யாருக்கும் போகவில்லை என்றால், முதலில் அதுக்கு வைத்துப் பாருங்கோ.